முதலை வாய் திறந்தது

தையல்காரி தன் கணவருக்குக் கொடுத்த கெடு மாதக் கடைசி. அதற்குள் ரம்பம் அறையை விட்டுப் போய்விட வேண்டும்.

அவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். பகலெல்லாம் ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மரபொம்மைதான். வரைந்த காகிதத்தை ஒட்டுப்பலகையில் ஒட்டி, மேசை ரம்பத்தில் மேலும் கீழும் துடிக்கிற நூல் போன்ற அலகுக்குப் பலகையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். பல்சக்கரமும் வாலும் காதும் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அடியில் மோட்டாரைப் பொருத்திவிட்டால் வாத்து நீந்தும், குரங்கு தலையைச் சொறியும். தொல்லை என்னவென்றால், ரம்பமும் தையல் இயந்திரமும் ஒரே அறையில் குடியிருந்தன. போன வாரம் கல்யாண உடையை வாங்க வந்த பெண் அதை ஆசையாக உதறினாள். கிளம்பிய மரத்தூளில் ஒன்பது தும்மல் போட்டாள். அன்றைக்கே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

அவருடைய அக்கா பல் மருத்துவர். குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு மருத்துவமனை திறக்கவிருந்தார். அதன் பின்பக்கத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. தம்பி மென்று விழுங்கிக் கேட்டதும் அக்கா நிபந்தனை போட்டார்.

"காத்திருக்கிற பிள்ளைங்க அழாம இருக்க ஒரு பொம்மை செஞ்சு குடு. வேலை செஞ்சா அறை உனக்கு. இல்லேன்னா அங்க பஞ்சு மூட்டை வெச்சுடுவேன்."

மூன்று வாரத்தில் முதலை தயாரானது. நாற்காலியில் சாய்ந்திருக்கும் பச்சை முதலை. எதிரே கையில் கண்ணாடியுடன் ஒரு மர மருத்துவர், மூக்கு மட்டும் அக்காவின் மூக்கு. பெட்டிக்குள் நத்தை ஓடு மாதிரி வெட்டிய ஒரு சக்கரம். அதன் விளிம்பு மெல்ல மெல்ல உயர்ந்து, ஓரிடத்தில் படிக்கட்டு போலச் சட்டென்று இறங்கும். விளிம்பின்மேல் நிற்கும் மெல்லிய குச்சி ஏற ஏற முதலையின் வாய் திறக்கும். படியில் விழுந்ததும் 'டப்'பென்று மூடும். மோட்டார், பழைய சாமான் கடையில் அகப்பட்டது. சுவர் மின்சாரத்தில் நேரடியாக ஓடும், நிமிடத்துக்கு ஐந்தே சுற்று. கடிகாரக்காரர்களின் வழக்கப்படி, ஒருமுறை முடுக்கிவிட்டு, இரண்டு நாள் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு பிசகும் இல்லை.

சனிக்கிழமை காலை அக்கா கைகட்டி நிற்க, மருத்துவமனையில் சுவிட்சைப் போட்டார். முதலை அரை வாய் திறந்து, நடுங்கியது. பெட்டிக்குள் 'சடக்' என்றது. குச்சி இரண்டாக முறிந்து கிடந்தது.

"முதலைக்கே பல்வலி போலிருக்கு," என்றார் அக்கா. "திங்கட்கிழமை பத்து மணிக்குத் திறக்கிறேன். அதுவரைக்கும் பஞ்சு மூட்டையை வெளியில வெக்கிறேன்."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் தையல் மேசையிலேயே பிரித்தார். மனைவி ஊசியைக் கீழே வைக்காமல் எட்டிப் பார்த்தாள். குச்சி, படியின் செங்குத்துச் சுவரில் மோதி முறிந்திருந்தது. அப்படி மோத வேண்டுமானால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்க வேண்டும். அது நடக்காத காரியம் என்று அவர் அடித்துச் சொன்னார். முப்பது வருடமாக அவர் கைபட்ட முள் எதுவும் இடப்பக்கம் ஓடியதில்லை.

மோட்டாரை மனைவி கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது மைக்ரோவேவ் அடுப்புல தட்டைச் சுத்துறதுதானே?"

"கடைக்காரன் ஏதோ அடுப்புன்னுதான் சொன்னான்."

"நம்ம அடுப்புத் தட்டு ஒரு வேளை இந்தப் பக்கம் சுத்தும், மறுவேளை அந்தப் பக்கம் சுத்தும். வாங்கிப் பத்து வருஷம் ஆச்சு. சமையலறை எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தானே உங்களுக்கு இது தெரியும்."

அவர் மோட்டாரைத் தனியாகப் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டார். பத்துத் தடவையில் ஆறு வலம், நான்கு இடம். இரண்டு நாள் சோதனையில் சுவிட்சைப் போட்டது ஒரே ஒரு தடவை என்பது அப்போதுதான் உறைத்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வேறு மோட்டார் தேட நேரமில்லை. திங்களுக்குள் கிடைக்கவும் கிடைக்காது.

"மோட்டார் எந்தப் பக்கம் வேணும்னாலும் போகட்டுங்க. சக்கரத்தை மாத்துங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா தீர்ந்துது."

சொன்னவள், கழுத்து வெட்டுக்குச் செய்வதுபோலவே ஒரு காகிதத்தை இரண்டாக மடித்தாள். மடிப்போரமாக ஒரு வளைவு வெட்டி விரித்தாள். முட்டை வடிவம், ஒரு பாதி மறுபாதிக்கு நூல் பிசகாமல் ஒத்திருந்தது. படிக்கட்டே இல்லை. அப்படியானால் 'டப்' என்ற சத்தமும் இல்லையே, அதுதானே வேடிக்கை என்று அவர் முனகினார். வேடிக்கை வேண்டுமா அறை வேண்டுமா என்று அவள் கேட்டாள். அவர் காகிதத்தைப் பலகையில் ஒட்டினார். உடைகளையெல்லாம் போர்வையால் மூடிவிட்டு, ரம்பத்தை அவளே முடுக்கினாள்.

திங்கட்கிழமை முதலில் வந்தது ஐந்து வயதுச் சிறுமி. தகப்பனாரின் காலைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பூட்டிக்கொண்டு, மூக்காலேயே அழுதாள். மூன்று நாளாக யாருக்கும் வாயைக் காட்டவில்லையாம். மனைவி பக்கத்தில் நிற்க, கடிகாரக்காரர் சுவிட்சைப் போட்டார். சக்கரம் இடப்பக்கம் புறப்பட்டது. அவர் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். குச்சி சமர்த்தாக ஏறியது.

முதலை மெல்ல வாய் திறந்தது. மர மருத்துவர் கையை உள்ளே நீட்டினார். முதலை மெல்ல மூடியது. மறுபடி திறந்தது. சிறுமி அழுகையை மறந்து பார்த்தாள். நான்காவது சுற்றில் முதலையோடு சேர்ந்து அவள் உதடும் பிரிந்தது. அடுத்த சுற்றில் தாராளமாகவே திறந்தது. தகப்பனார் வாயும் திறந்திருந்தது.

அக்கா சந்தடியில்லாமல் பக்கத்தில் மண்டியிட்டு, குட்டி விளக்கால் உள்ளே பார்த்தார்.

"கீழ் வரிசையில கடைசிப் பல்லு. அஞ்சு நிமிஷ வேலை," என்று எழுந்தவர், தம்பியிடம் திரும்பினார். "அன்னைக்கு டப்புனு மூடும்னு சொன்னியே, அப்படி மூடியிருந்தா இவ என் விரலைக் கடிச்சிருப்பா. உள்ளே என் நாற்காலிக்கு எதிர்லயும் ஒண்ணு வேணும்டா."

பையிலிருந்து பின்னறைச் சாவியை எடுத்து நீட்டினார். தம்பி கை நீட்டும் முன்பே அதை வாங்கிக்கொண்டது மனைவி.

அன்று மாலையே ரம்பம் இடம் மாறியது. தையல்காரி அறையை மூன்று முறை பெருக்கிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே கடிகாரக்காரர் மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். ஒரே கோப்பைப் பாலை ஏழாவது தடவையாகச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

"நாலு வலம், மூணு இடம்," என்றார்.

"பொங்குது பாருங்க," என்றாள் அவள்.