மீச்சினெஸ் கரைக்கு ஒரு தாவல்

மீன் ஆலை ஜன்னலுக்கு நேரெதிரே கடலுக்குள் கிடந்தது மீச்சினெஸ் தீவு. அந்த ஜன்னலடியில் நின்று மீன் அறுத்தே சுன்வாவுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. ஒரு தரம்கூட அங்கே போனதில்லை. அவளுக்கு விடுப்பு கிடைக்கும் கோடைகளில் எல்லாம் கடல் கொந்தளித்துப் படகை நிறுத்திவிடும். இந்த வருடமும் விடுப்பின் கடைசி நாளன்றுதான் படகு கிளம்பியது. கூட வேலை செய்யும் மார்யுனும் ஒட்டிக்கொண்டாள்.

தீவை நெருங்கினால் அங்கே பேயலை. படகைக் கட்ட முடியவில்லை. அலை படகைத் தூக்கும் நொடியில் ஒவ்வொருவராகப் பாறைக்குத் தாவினார்கள். முதலிலேயே தாவி அங்கே நின்ற படகு உதவியாள் ரோய் கையைப் பிடித்து இழுத்துப் போட்டான். மார்யுனும் போய்விட்டாள். சுன்வாவின் முறை வந்தது. ஈரத் தரையில் நின்று நின்று வீங்கிப்போன முழங்கால். குனிந்து பார்த்தாள். கீழே கறுத்த தண்ணீர். அலை ஏறி இறங்கிவிட்டது.

"தண்ணியப் பாக்காதீங்கக்கா! அவன் மூஞ்சியப் பாருங்க!" என்று கத்தினான் படகோட்டி தோர்மோத்.

"காலமெல்லாம் கத்தியையே பாத்த கண்ணுடா. தானா கீழதான் போகுது."

"அலை ஏறிக்கிட்டே போகுது. இன்னும் ஒரு தடவைதான். இல்லேன்னா என்கூடவே ஊருக்குத் திரும்பிடுங்க."

பாறைமேலிருந்து மார்யுன் கூவினாள்: "அடியே, நீ வரலேன்னா கட்டிக்கிட்டு வந்த ஆட்டுக்கறி மொத்தத்தையும் நானே தின்னுடுவேன்!"

"தின்னு பாரு, வயித்தக் கிழிச்சு எடுக்கறேன்!"

படகு மேலே எழும்பியது. சுன்வா ரோயின் முகத்தை முறைத்துப் பார்த்தாள்.

"மூக்கு ஒழுகுதுடா உனக்கு!" என்று அலறிக்கொண்டே தாவினாள்.

ரோய் அவளோடு சேர்ந்து மல்லாந்து விழுந்தான். "திமிங்கலம்னு சொல்லவே இல்லையே!" என்று முனகினான். சுன்வாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சரிவில் பாதித் தூரம் நடந்தும் மீதி தவழ்ந்தும் ஏறினாள். மேட்டைத் தொட்டதும் வானமே இறக்கையாக இருந்தது. வெள்ளை வயிறும் வண்ண அலகுமாக லுண்டிப் பறவைகள் தலைக்கு மேல் சுழன்றன. ஒன்று அவள் பூட்ஸ் பக்கத்திலேயே தொப்பென்று இறங்கியது. அலகின் இருபுறமும் குட்டி மீன்கள் தொங்கின.

"பாருடி! வாயில இருக்கறத விடாமலே அடுத்ததயும் பிடிச்சிருக்கு! இப்படி ஒருத்தி ஆலையில இருந்தா..."

"உன் வேலை போச்சு."

பறவை அவளைச் சட்டை செய்யாமல் புல்லுக்கடியிலிருந்த வளைக்குள் நுழைந்தது. சுன்வா ஈரப் புல்லில் குப்புற விழுந்து வளைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள குஞ்சு கத்துதுடி! வாடி, சீக்கிரம் வா!"