ஜீனத் ஏறிப் பார்த்த வண்டி

பட்டு வியாபாரி ஜியாவுதீன் பாய் கார் பார்த்த அழகைக் கேட்டால் சிரிப்பீர்கள். சின்ன எஸ்யூவி இரண்டு அவர் கண்ணில் பட்டுவிட்டன. ஒன்று சிவப்பு, இன்னொன்று சாம்பல். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. மைலேஜ் என்ன, டிக்கியில் எத்தனை புடவைக் கட்டு பிடிக்கும், கூரம் கிராமத்துக்குப் போகிற வழியில் வேகத்தடையில் அடி இடிக்குமா, எல்லாம் மனப்பாடம்.

வண்டி யாருக்கு? மனைவி ஜீனத்துக்கு. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவளை ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்க வேண்டியிருந்தது. தெருவே பார்க்க மூட்டை மாதிரி ஏற்றுகிறார்களே என்று மானம் போய், தங்கை மகள் நிக்காவுக்குக்கூட அவள் போகவில்லை.

அவளைக் கேட்காமல் முடிப்பாரா? பட்டு வியாபாரத்தில் வீட்டுப் பெண்களுக்குச் சரக்கை வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டுவார்கள். பாயும் அதையே செய்தார். இரண்டு ஷோரூமிலும் நச்சரித்து, கலர் அட்டையும் சீட்டுத் துணியில் வண்டிக்கொரு துண்டும் வாங்கி வந்து கட்டிலில் விரித்தார்.

"தொட்டுப் பாரு ஜீனத். எது நல்லாருக்குது?"

"என்னாங்க இது கூத்து! நான் கார்ல குந்தப் போறேனா, காரை உடுத்திக்கப் போறேனா? எது எவ்ளோ உசரம், அதச் சொல்லுங்க."

அந்த ஒன்றைத்தான் பாய் எங்கேயும் கேட்கவில்லை. உடனே இரண்டு ஷோரூமுக்கும் போன் போட்டார்.

மறுநாள் காலை இரண்டு வண்டியும் அவர் வாசலில் வந்து நின்றன. ஒரே வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தானே நிறமும் உயரமும் தெரியும்? தெரு அடைத்துக்கொண்டது. போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று கருத்துச் சொன்னான்.

ஜீனத் வாக்கரை ஊன்றி வெளியே வந்தாள். சாம்பல் வண்டி உயரம். அதில் ஏறக் காலைத் தூக்கினாள், பாதியிலேயே சுரீரென்றது. பாய் ஓடிப்போய்க் கை நீட்டினார்.

"வுடுங்க!" என்று தட்டிவிட்டாள்.

சிவப்பு வண்டியின் கதவைத் திறந்து, அதற்கு முதுகு காட்டி நின்றாள். இருக்கை அவள் உட்கார வாகான உயரத்தில் இருந்தது. உட்கார்ந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். கொஞ்சம் யோசித்து மற்றதையும் வைத்தாள். கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

ஜியாவுதீன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை சந்தோஷம்.

கதவு திறந்தது. ஜீனத் இறங்கினாள். மறுபடி ஏறினாள். இறங்கினாள்.

சிவப்பு வண்டியைக் கொண்டுவந்த விற்பனையாளர் வசந்த் சாவியோடு தவித்தார். "அம்மா, ஒரு ரவுண்டு போலாமா? வண்டி எப்பிடி ஓடுதுன்னு பாக்க வேணாமா?"

"இருப்பா," என்றாள் ஜீனத், மறுபடியும் காலை உள்ளே இழுத்தபடி. "நான் ஏறிக்கினு இருக்கேன்ல?"