வெறுஞ்சுவர்க் கண்காட்சி

மலைமுடிகளில் பனி வெளுத்திருக்க, கருநீலக் கடல் கரையைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருக்க, இளவேனிற் கதிரவன் மேல்திசை சாய்ந்த நற்பொழுதில், வான்கூவர் நகரத்து அருங்காட்சியகம் ஒன்று எங்கள் குவாக்வகவாக்குத் தொல்குடி மக்களால் நிரம்பி வழிந்தது. எங்கள் ஆற்றையும் மீனையும் நில வழக்குகளையும் வாழ்நாளெல்லாம் திரைப்படமாக்கி, ஓய்ந்த வேளைகளில் திமிங்கிலமும் அண்டங்காக்கையும் தீட்டிய என் ஒன்றுவிட்ட தமக்கை வெர்னாவைப் போற்றவே அவ்விழா. பொதுமக்களுக்கு மறுநாள் காலையில்தான் கதவு திறக்கும்.

எங்கள் வழக்கமோ உலக வழக்கத்துக்குத் தலைகீழ். பெருமை பெறுபவரே வந்தோர்க்குப் பரிசளிக்க வேண்டும். பரிசு பெற்றவரே அப்பெருமைக்குச் சான்று. விருந்தினரை வெறுங்கையோடு அனுப்பியவர் பெயர் எங்கள் தீவுகளில் செல்லாக்காசு. வெர்னா சேர்த்திருந்த போர்வைகளையும் மீனெண்ணெய்ப் புட்டிகளையும் ஏற்றிய படகு, பாழாய்ப்போன பொறி பழுதாகி வடக்கே நின்றுவிட்டதாம். செய்தி கேட்டு அவள் முகம் வாடியது. பிறகு, கண்காட்சிக்காகத் தன் ஓவியங்களை மாட்டியிருந்த சுவரை ஏறிட்டுப் பார்த்தாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

திமிங்கில ஓவியத்தைக் கழற்றித் தன் அண்ணி லாட்டியிடம் நீட்டினாள். தன் முதற்படச் சுருளை, அதில் கைக்குழந்தையாய்த் தோன்றிய படகோட்டி ஒருவருக்குக் கொடுத்தாள். அருங்காட்சியகத் தலைவர் டங்கன் அலறியடித்து ஓடிவந்து, இலையுதிர்காலம் வரை ஒன்றையும் அசைக்கலாகாது என்று மன்றாடினார்.

"ஊரையே கூட்டி என்னைப் பெரியவளாக்கிட்டீங்க, தம்பி. வந்தவங்க வெறுங்கையோட போனா என் பேரு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் வெர்னா.

"நாளைக்கு வர்றவங்க வெறுஞ்சுவரையாம்மா பாப்பாங்க?"

லாட்டி ஓவியத்தை மார்போடணைத்தபடி முறுவலித்தாள். "அந்தக் காலத்துல அரசாங்கம், இப்படிக் கொடுக்கிறதே குத்தம்னு சட்டம் போட்டு, எங்க தாத்தா முகமூடிய அள்ளிட்டு வந்து இப்படி ஒரு கட்டடத்துலதான் பூட்டி வெச்சாங்க. அன்னிக்கு எங்க வீட்டுச் சுவரும் வெறுஞ்சுவர்தான், ராசா."

டங்கனின் கைகளில் வெர்னா தன் மிகச் சிறந்த அண்டங்காக்கையை வைத்தாள். "வாங்கிட்டீங்கல்ல? இனி நீங்களும் சாட்சி. கண்டதைச் சொல்லித்தான் ஆகணும்."

மறுநாள் காலை சுவரெங்கும் ஆணிகளே எஞ்சியிருந்தன. ஒவ்வோர் ஆணியின் கீழும் எங்களவர் ஒருவர், மடியில் ஓவியத்தோடு நாற்காலி போட்டமர்ந்து, வந்தோர் காது புளிக்க வெர்னாவின் கதை பேசினார். வாயிலில் டங்கன், காக்கையைக் குழந்தைபோல் ஏந்தி, எல்லோரையும்விட உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். அன்பரீர், ஆணியில் தொங்கும் புகழை ஒரு நாள் கழற்றிவிடலாம். கொடுத்துப் பெற்ற புகழைக் கழற்ற, வாங்கியவர் அத்தனை பேருடைய வாயையும் அல்லவா அடைக்க வேண்டும்!