மதியச் சாப்பாட்டுக் கடனுக்கு ஒரு மான் துப்பாக்கி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கடன் மூவாயிரத்து நூற்று எட்டு டாலர் நாற்பது சென்ட். பிள்ளைகள் எங்கே கடன் வைக்கப் போகிறார்கள், அப்பனும் ஆத்தாளும் கட்டாமல் விட்டதுதான். ஆனால் தட்டை நீட்டுவது பிள்ளையல்லவா. கடன் இருபது டாலரைத் தாண்டிவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சூடான சாப்பாடு கிடையாது. இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே குளிர்ந்துபோன சீஸ், ஒரு சின்னப் பால் டப்பா, அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்டு போகிறபோது கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அந்த ரொட்டியை எடுத்துக் கொடுக்கிற வேலை என் தங்கை லனெட்டுக்கு. அந்தச் சமையலறைக்குப் பொறுப்பு என் மனைவி நெல்டா. லனெட் இருபது வருஷம் நகரத்தில் இருந்தவள். போன வருஷம் வசந்த காலத்தில் அவள் மகன் கோல்பி படித்த பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பையன் துப்பாக்கியோடு நுழைந்தான். கோல்பி அப்போது தட்டோடு வரிசையில் நின்றிருந்தான். வயது பதினைந்து. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் வைத்துக்கொண்டோம். ஒரு நாள் நெல்டா, லனெட்டைச் சமையலறை வேலைக்குச் சேர்க்கப் போகிறேன் என்றாள்.

"அந்த மாதிரி எடத்துலயா? உனக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டேன்.

"நான் கூப்பிடல. அவதான் கேட்டா. புள்ளைங்க சாப்பிடுறத நான் பாக்கணும் அண்ணின்னு சொல்றா. இல்லேன்னு நீ போய்ச் சொல்லு, பாப்போம்."

நான் போய்ச் சொல்லவில்லை.

கடன் ஏறிக்கொண்டே போனதால் தீயணைப்புக் குழுவில் பேசினோம். எங்கள் ஊரில் தீயணைப்பு என்றால் சம்பளக்காரர்கள் இல்லை, நாங்களேதான். மணி அடித்தால் மர மில்லிலிருந்து ஓடுவோம். குழுவுக்குத் தலைவன் ராய்ஸ். மில்லில் அவன் அறுப்பான், நான் அடுக்குவேன், பதினெட்டு வருஷமாக அப்படித்தான். இலையுதிர் காலத்து விருந்தன்று கடைக்காரர் சும்மா தருகிற ஒரு மான் வேட்டைத் துப்பாக்கியைக் குலுக்கலில் விடுவோம், சீட்டு பத்து டாலர், வருகிற பணம் பிள்ளைகள் கடனுக்கு என்று ராய்ஸ் சொன்னான். கைதூக்கியவர்களில் நானும் ஒருவன். இதில் ஒன்றும் புதுசில்லை. தேவாலயத்துக் கூரைக்கும் இப்படித்தான் செய்தோம், வெள்ளத்தில் வீடு போன குடும்பத்துக்கும் இப்படித்தான். ஒரு தடவை யாரோ சொன்னார்கள் என்று தையல் போர்வை வைத்துக் குலுக்கினோம். நானூறு டாலர் வந்தது. அதில் பாதி எங்கள் வீட்டுப் பெண்கள் வாங்கியது.

ஆனால் அந்த வருஷம் தீயணைப்புக் கொட்டகையின் கூரையைக் காற்று கொண்டுபோயிருந்தது. அதனால் விருந்தைப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வைப்பதாக முடிவானது. பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கி வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஷெரீப் அனுப்புகிற போலீஸ்காரர் ஒருவர் கூடவே நிற்பார், அன்றைக்குச் சனிக்கிழமை, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, மேலிடத்தில் கேட்டாகிவிட்டது என்றான் ராய்ஸ்.

அடுத்த வாரம் துப்பாக்கிப் படம் போட்ட நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. யாரோ ஒரு புத்திசாலி அதைச் சாப்பாட்டுக் கூடத்திலும், தட்டு வாங்குகிற ஜன்னலுக்கு நேர் மேலே ஒட்டிவிட்டான். லனெட் ஸ்டூலைப் போட்டு ஏறி அதைப் பிய்த்து எடுத்து, நாலாக மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பாடு போட்டாள். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

மறுநாள் ராய்ஸ் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நெல்டா காப்பி ஊற்றினாள்.

"லனெட்டு, நோட்டீஸப் பத்திச் சண்டை போட நான் வரல," என்றான். "அத அங்க ஒட்டினவன் மடையன். அவன நான் கேட்டுட்டேன்."

"சரி."

"ஆனா ஊர்ல என்ன பேசிக்கிறாங்கன்னா, நீ எங்க துப்பாக்கியெல்லாம் புடுங்க வந்திருக்கேன்னு."

லனெட் சிரித்தாள். அவள் சிரித்து நாள் ஆகியிருந்தது. "இந்த வீட்டுல ரெண்டு இருக்கு ராய்ஸு. போன வாரம் நான் தின்ன கறி அதுல சுட்ட மான்தான். பன்னெண்டு வயசுல எங்கப்பாவே எனக்கும் சுடச் சொல்லிக் குடுத்தாரு. உன்னவிட நல்லாவே சுடுவேன்."

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல," என்றேன் நான். "இவன் போன வருஷம் மரத்தச் சுட்டுட்டு வந்தான்."

"நீ சும்மா இருப்பா," என்றான் ராய்ஸ். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நான் ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்காத. அந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஒருத்தர் கையில ஒண்ணு இருந்திருந்தா?"

இவனை எழுப்பி வெளியே தள்ளலாமா என்றுகூட நினைத்தேன். லனெட் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள்.

"இருந்துச்சு ராய்ஸு. வாசல்ல காவலுக்கு ஒருத்தர் இருந்தாரு, இடுப்புல துப்பாக்கியோட. நல்ல மனுசன். பயந்து ஒளியல, உள்ளதான் ஓடினாரு. அவரு ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. இப்பவும் மாசம் ஒரு தடவை எனக்குப் போன் பண்ணி அழுவாரு. நான்தான் சமாதானம் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "சுட்டானே அந்தப் பையன், அவனுக்குப் பதினெட்டு முடிஞ்ச வாரம் கடையில போய் வாங்கின துப்பாக்கி அது. ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. ஒரு மாசம் பொறுத்து வாடான்னு சொல்ல ஒரு சட்டம் இருந்திருந்தா போதும். அதச் சொன்னா நான் துப்பாக்கியப் புடுங்கறவளா?"

"இன்னிக்கு ஒரு மாசம்னு ஆரம்பிப்பான், நாளைக்கு எல்லாத்தையும் கேப்பான். அரசாங்கத்த நான் நம்பமாட்டேன்," என்றான் ராய்ஸ்.

"நம்பாத. நான் உன்கிட்ட கேக்குறது அரசாங்கத்தப் பத்தி இல்ல. குலுக்கலையும் நிறுத்தச் சொல்லல. கடன் அடையணும். அந்தக் காஞ்ச ரொட்டிய என் கையாலதான் குடுக்கறேன், எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு. அந்தக் கூடத்துக்குள்ள துப்பாக்கி வரவேணாம். வந்துச்சுன்னா திங்கக்கிழமை என்னால அங்க நிக்க முடியாது. வேலைய விட்டுட்டுப் போறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"எங்க போவே?"

"தெரியல."

ராய்ஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சீட்டு வாங்கினவன் அதத் தொட்டுப் பாக்கணும்னு நெனப்பான் லனெட்டு. அதுக்குத்தான் விருந்துக்கே வர்றான். நாலு பேர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

அவன் கேட்டிருப்பான். ஆனால் யாரும் அசையவில்லை. அசையாதது மட்டுமில்லை, வீம்புக்குச் சீட்டு வாங்க ஆரம்பித்தார்கள். நோட்டீஸைக் கிழித்தாளாமே, எனக்கு அஞ்சு குடு என்று கேட்டு வாங்கினார்கள். வேட்டைக்கே போகாத பல் வைத்தியர் பத்துச் சீட்டு வாங்கினார். அச்சடித்த முந்நூறும் தீர்ந்து ராய்ஸ் இன்னும் நூறு அடித்தான். இதை லனெட்டிடம் எப்படிச் சொல்வது என்று நானும் நெல்டாவும் முழித்தோம். அவளே சொன்னாள்.

"நான் ஒரு நோட்டீஸக் கிழிச்சதுக்கே இவ்ளோ சீட்டு வித்திருக்கு. ரெண்டு கிழிச்சிருந்தா கூரையும் போட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விருந்தன்று துப்பாக்கியைக் கடையிலிருந்து எடுத்து வந்து மேடையில் தூக்கிக் காட்டுவதும், குலுக்கிய சீட்டை எடுத்துப் பேர் படிப்பதும் என் வேலை என்று ராய்ஸ் போட்டுவிட்டான். "இப்பதான் ஆர்லிக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமே, கத்துக்கிட்டது வீணாப் போகாம படிக்கட்டும்" என்று மில்லில் எல்லோருக்கும் முன்னால் சொன்னான். நான் நூலகத்து வகுப்பில் படிக்கக் கற்றுக்கொண்டது ஐம்பத்திரண்டு வயதில். அந்தக் கேலி எனக்குப் பழக்கம். அவன் பிரியத்தில்தான் சொல்கிறான் என்றும் தெரியும். சரி என்று தலையாட்டினேன். முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லனெட்டிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நல்ல குளிர். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வண்டியை நிறுத்தினேன். துப்பாக்கிப் பெட்டி என் பக்கத்து இருக்கையில் இருந்தது. ஷெரீப் ஆள் வந்து ஜன்னலைத் தட்டி, குண்டு இல்லை என்று பார்த்துத் தலையாட்டிவிட்டு, உள்ளே பீன்ஸும் சோள ரொட்டியும் தீர்ந்துபோவதற்குள் வா என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பின்வாசலுக்குப் போகிற வழியில் சமையலறை ஜன்னல். உள்ளே வெளிச்சம். லனெட் பெரிய குண்டானிலிருந்து பீன்ஸை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டை மட்டும் நீட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே அளவு, ஒரு ரொட்டி, பிறகு அடுத்த தட்டு. வீம்புக்கு ஐந்து சீட்டு வாங்கியவனுக்கும் அதே அளவு.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. நல்லவனாக வேண்டும் என்று நினைத்தெல்லாம் நிற்கவில்லை. அந்தப் பெட்டியோடு அந்தக் கதவைத் திறக்க என் கை வரவில்லை, அவ்வளவுதான். திரும்பிப் போய் வண்டியின் பின்பலகையை இறக்கி, அதன் மேல் பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ராய்ஸ் வந்தான். "என்னப்பா, எல்லாரும் உனக்காக உக்காந்திருக்காங்க."

"இது உள்ள வராது ராய்ஸு."

"ஆர்லி..."

"பதினெட்டு வருஷம் நீ அறுத்தத அடுக்கியிருக்கேன். ஒரு நாள் முடியாதுன்னு சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றேன். வேற ஆளு தூக்கிட்டுப் போறதா இருந்தாலும் என்னத் தாண்டித்தான் போகணும்."

"உன்னத் தாண்டுறது என்ன பெரிய மலையா? இடுப்பு வலின்னு நேத்து அழுதவன்." அவன் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "காசு குடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"இங்க வந்து பாக்கச் சொல்லு."

"இந்தக் குளிர்லயா? வெறச்சுப் போவானுங்க."

"மான் சீசன்ல இருட்டோட ஏறி மரத்து மேல நாலு மணி நேரம் உக்காரத் தெரியுதுல்ல? பத்து நிமிஷம் இங்க நிக்க முடியாதா?"

ராய்ஸ் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். "நான் அவ சொல்ற எதையும் ஒத்துக்கல. அது தெரிஞ்சுக்கோ."

"உன்ன ஒத்துக்கச் சொல்லலியே."

உள்ளே போனான். கதவு திறந்தே இருந்ததால் அவன் பேசியது எனக்குக் கேட்டது. "எல்லாரும் தட்டத் தூக்கிட்டு வெளிய வாங்க. உள்ள ஒரே புழுக்கமா இருக்கு. குலுக்கல் வண்டி நிக்கிற எடத்துல."

"புழுக்கமா? நான் கோட்டே கழட்டல," என்றது ஒரு குரல். அது வீம்புக்குச் சீட்டு வாங்கியவர்களில் ஒருவனான டெல்பர்ட். "யாருக்காக இது? அவளுக்காகவா?"

பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வோண்டாவின் கட்டைக் குரல் கேட்டது. "எனக்கு வேர்த்து ஊத்துது டெல்பர்ட்டு. வழிய விடு."

வந்தார்கள். கையில் தட்டு, வாயில் குளிர்ப்புகை. கிழவர்களுக்கு நாற்காலி தூக்கி வந்து போட்டார்கள். டெல்பர்ட்டும் இன்னும் இரண்டு பேரும் தங்கள் வண்டியேறிப் போய்விட்டார்கள், போகிறபோது சக்கரத்தைத் தேய்த்துக் கல்லை வாரி அடித்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் துப்பாக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். எடை பார்த்தார்கள், கட்டையைத் தடவினார்கள், குளிர் குளிர் என்று காலைத் தட்டினார்கள். உள்ளே புழுக்கம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள்.

நான் சீட்டுகள் போட்டிருந்த வாளிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தது. கூட்டிப் படிக்கக் கொஞ்சம் நேரமானது. "விடியறதுக்குள்ள படிச்சிருவியா?" என்று யாரோ கத்தினார்கள். வோண்டாவின் பேர்தான் வந்தது. அவள் பீன்ஸ் தட்டைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள். கை தட்டினார்கள்.

நான் சமையலறைக்குப் போனேன். லனெட் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வரல," என்றேன்.

"பாத்தேன்." தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நீ வண்டியில உக்காந்திருந்ததையும் பாத்தேன். கோட்டு போட்டுக்கக்கூடத் தெரியாதா அண்ணே உனக்கு?"

ராய்ஸ் எட்டிப் பார்த்தான். "மூவாயிரத்து எழுநூறு," என்றான் வாசலில் நின்றபடி. "மூணு பேருக்குக் காசத் திருப்பிக் குடுத்தது போக."

"நல்லது," என்றாள் லனெட். "துப்பாக்கிக் காசுதான். இருந்தாலும் சோறு சோறுதான். அதுக்காக நான் மனசு மாறிட்டேன்னு நெனச்சுக்காத."

"நானும் மாறல."

"தெரியும். அந்த மேசைய மடிச்சு வெச்சிட்டுப் போ."

ராய்ஸ் மடித்து வைத்தான்.

திங்கட்கிழமை காலையில் நெல்டா பள்ளி அலுவலகத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வந்தாள். மீதியை வருகிற மாதங்களுக்கு என்று அங்கேயே வைத்தார்களாம். கொட்டகைக்குக் கூரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ராய்ஸே சொல்லிவிட்டான். மதியம் கோழி வறுவலும் உருளைக்கிழங்கு மசியலும். லனெட் ஜன்னலில் நின்றாள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, குளிர்ந்த ரொட்டி வாங்கிய பழக்கத்தில், தட்டு எடுக்காமல் வெறுங்கையை நீட்டினாளாம். லனெட் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, நிறையப் போட்டாளாம்.

"நான் எவ்ளோ தரணும்?" என்று கேட்டாளாம் அந்தப் பெண்.

"ஒண்ணும் இல்ல கண்ணு. எல்லாம் கட்டியாச்சு," என்றாளாம் லனெட். "ஆறுறதுக்குள்ள போய்ச் சாப்பிடு."