ஓரடி முன்னே

படையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதிநூலிலும் எழுதப்படாதது. ஆயினும் எழுதப்பட்ட விதிகளைக் காட்டிலும் உறுதியாகப் பேணப்பட்டது. பிழை நேர்ந்து, அணி நிறுத்தப்பட்டு, "யார்?" என்னும் கேள்வி எழுந்ததும், பிழை செய்தவன் ஓரடி முன்னே வைப்பான். அவன் காலடி ஓசை அடங்கும் முன்பே அவனுக்கு மேலிருப்பவர் அவனுக்கும் ஓரடி முன்னே வந்து நிற்பார். அவருக்கு மேலிருப்பவர் அவருக்கும் முன்னே. முடிவில் கேள்வி கேட்ட அதிகாரியின் கண்ணுக்குப் பிழை செய்தவன் தென்படவே மாட்டான். மாலையில் கூடாரத்துக்குள் அவன் கன்னம் சிவக்கும். அது உள்வீட்டுக் கணக்கு, வெளியாருக்கு அதில் வேலையில்லை.

பட்டாளத்தார் அந்த வழக்கத்திலேயே வளர்ந்து, அதிலேயே நரைத்து, ஓய்வு பெற்று வந்தவர். இப்போது மருந்துக் கிடங்கொன்றில் சூப்பர்வைசர். 'பட்டாளம்' என்று அவருக்குப் பெயரிட்டவர்கள் கிடங்கின் ஆட்கள்தாம்.

"பட்டாளம், அந்த அட்டைப்பெட்டியெல்லாம் அட்டென்ஷன்ல நிக்குதா பாருங்க!"

"சும்மா இருடா. டீ கப்பையே வரிசையா வைக்கிற மனுஷன். நாளைக்கு உன்னையும் மடிச்சு அடுக்கிடுவாரு."

அவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பை அவர்கள் அச்சமென்று எண்ணினார்கள்.

வேலையை வாங்கித் தந்தவன் மனைவியின் தம்பி. அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். குடியிருப்பும் அவன் வீட்டின் பின்னறையில்தான். சலவை இயந்திரமும் அவ்வறைக்குள்ளேயே இருந்தமையால், யார் துணி துவைக்க வந்தாலும் பட்டாளத்தாரும் மனைவியும் கட்டிலைவிட்டு எழுந்து வழிவிட வேண்டும். பூட்டிக்கொள்ளத் தாழில்லாத அறை அது. வேலை நிரந்தரமானால்தான் தனிவீட்டுக்காரர் எவரும் இவரை நம்பிச் சாவி தருவார். தகுதிகாண் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது.

"எனக்கு மாடமாளிகை வேணாம். உள்ளேருந்து பூட்டுற மாதிரி ஒரு கதவு. அது போதும்" என்பாள் மனைவி.

அந்தக் கதவுக்காகத்தான் அவர் நாள்தோறும் முகம் மழித்து, காலணியைத் துலக்கி, எல்லோருக்கும் முன்பாகக் கிடங்குக்குச் சென்றார்.

ஒரு நண்பகல். குளிரறையிலிருந்து பெட்டிகள் அடுக்கிய பேலட்டுப் பலகைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்த மைத்துனன், ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து மூடச் சோம்பி, ஒரு பிளாஸ்டிக் கூடையை இடையில் செருகி அதைத் திறந்தபடியே நிறுத்தினான். அலாரம் அலறியது. கைபேசிப் பேச்சுக்கு அது இடையூறாக இருந்ததால் பிளக்கைப் பிடுங்கினான். பேச்சு முடிந்ததும் உண்ணப் போனான். கூடை அங்கேயே நின்றது. பட்டாளத்தார் அப்போது வெளிமுற்றத்தில் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்து பார்க்கையில் ஊசிமருந்துக் குப்பிகளெல்லாம் வெயிலில் கிடந்த கல்லைப்போல் வெதுவெதுப்பாக இருந்தன.

தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வந்தார். கிடங்கின் மேலாளர் அனைவரையும் வரிசையில் நிறுத்தினார்.

"யாரு பண்ணினது?"

மைத்துனன் தன் காலணியின் கயிற்றை ஆராய்ந்தான். பட்டாளத்தார் ஓரடி முன்னே வைத்தார்.

"என் ஷிஃப்ட், சார். என் பொறுப்பு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இப்போது மேலாளர் இவருக்கும் ஓரடி முன்னே வந்து, "என் கிடங்கு, என் பொறுப்பு" என்று இயக்குநரிடம் சொல்வார். பிறகு அறைக்குள் அழைத்து வறுத்தெடுப்பார். மைத்துனனைத் தாம் தனியே கவனித்துக்கொள்ளலாம். உலகம் அவ்வாறு இயங்குவதாகவே அவர் அறிந்திருந்தார். காலணி ஓசைக்காகச் செவியைத் தீட்டி நின்றார்.

ஓசை எழவில்லை. மேலாளர் இயக்குநரின் பக்கமாக அரையடி நகர்ந்தார்.

"பாருங்க சார், அவரே ஒத்துக்கிட்டாரு. நான் எதுவும் சொல்லல."

"எக்ஸ் சர்வீஸ்மேன்னா ஒழுங்கா இருப்பாங்கன்னு சொன்னீங்களே?"

"நானும் அப்படித்தான் சார் நம்பினேன்." மேலாளரின் குரலில் ஏமாற்றப்பட்டவனின் துயரம் தோய்ந்திருந்தது.

பட்டாளத்தாரை வேலையிலிருந்து நீக்கவில்லை. நீக்கியிருந்தால் சற்றே கருணையாக இருந்திருக்கும். சூப்பர்வைசர் சட்டையைக் கழற்றச் சொல்லி, சுமை ஏற்றி இறக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். தகுதிகாண் பருவத்தை நீட்டினார்கள். கழற்றிய சட்டையை மைத்துனனுக்குக் கொடுத்தார்கள். தோள் அகன்ற சட்டை அவன்மேல் தொங்கியது.

அன்று மாலை சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவள் அவன் அக்காள்தான்.

"ஏன் மாமா முந்திக்கிட்டீங்க? நான் உங்கள வரச் சொன்னேனா?" என்றான் மைத்துனன், கைகளை விரித்து அளவு கொடுத்தபடி. "கொஞ்ச நேரம் கம்முனு நின்னிருந்தா, கரண்ட் போச்சுன்னு நானே ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். காரியத்தையே கெடுத்துட்டீங்க."

"கூடையை வச்சது யாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க."

மனைவி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினாள். "அங்க இருந்தவரைக்கும் நாட்டுக்காக நின்னீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப யாருக்காக நிக்கிறீங்க? எனக்காக ஒரு தடவையாவது நின்னிருக்கீங்களா?"

இயந்திரத்தில் துணி சுழன்றுகொண்டிருந்தது.

முன்னாள் படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில் இயங்கியது. ஆலோசகர் இளம்பெண், நல்லவள். தன் முன் அமர்ந்திருந்தவர்கள்மேல் அவள் கொண்டிருந்த இரக்கம் உண்மையானது. நடந்ததைக் கேட்டதும் அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ சார்! 'என் பொறுப்பு'ங்கிற வார்த்தைய இனிமே வாயிலயே எடுக்காதீங்க. வெளியில அதுக்கு ஒரே அர்த்தம்தான். 'என்னை வெட்டுங்க.' வாங்க, பழகலாம். நான்தான் மேனேஜர். யாரு பண்ணினது?"

பட்டாளத்தார் எழுந்தார். பழக்கத்தால் வலக்கால் அசைந்தது.

"கால், சார், கால்! கால நகத்தக் கூடாது."

பின்வரிசையில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். எல்லோரும் 'வயர்மேன்' என்று அழைத்த அவன், படையில் பட்டாளத்தாரின் பிரிவிலேயே கம்பியில்லாத் தொடர்பைக் கவனித்தவன். குண்டு வெடித்ததில் இடச்செவி முற்றாகப் போய்விட்டது. யார் பேசினாலும் கோழி தலையைச் சாய்ப்பதுபோல் வலப்பக்கத்தைக் காட்டுவான்.

"மேடம், அவர் கால வேணா கட்டிப்போடுங்க. அப்பவும் கட்டோட குதிப்பாரு."

"நீங்களும் பழகணும்" என்றாள் ஆலோசகர்.

"எனக்கு இந்தப் பாடம் ஏறாது மேடம். பாதிக் காதுலதான் கேக்குது."

வகுப்பு முழுதும் சிரித்தது. ஆலோசகரும் சிரித்துவிட்டுப் பட்டாளத்தாரிடம் திரும்பினாள். "பொய் சொல்லச் சொல்லல சார். உண்மையில உங்களுக்கு உதவுற பகுதி எதுவோ, அத மட்டும் சொல்லுங்க. 'நான் அப்போ அங்க இல்ல.' அவ்வளவுதான். எங்க, சொல்லுங்க?"

"நான் அப்போ அங்க இல்ல."

"தலையக் குனியாம."

"நான் அப்போ அங்க இல்ல."

"சூப்பர் சார்! இன்னொரு தடவை, கொஞ்சம் கோவமா."

வெஞ்சமர் பல கண்டு புறங்காட்டாது நின்ற மனிதர், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நின்று, தாம் அங்கில்லை என்பதை மந்திரம்போல் உருவேற்றினார். ஏறும்வரை அவள் விடவில்லை.

சில வாரங்களில் வயர்மேனுக்கும் அக்கிடங்கிலேயே வேலை கிடைத்தது. மையம் பரிந்துரைத்தது, பட்டாளத்தாரும் மேலாளரிடம் ஒரு சொல் சொல்லிவைத்தார். இருவரும் ஒரே இணையாகச் சுமை ஏற்றினார்கள். வயர்மேன் அவரை இன்னமும் 'ஹவில்தார்' என்றே அழைத்தான். அவருக்கு இடப்புறம் வரும்படி எப்போதும் நடந்தான். அப்போதுதான் அவர் சொல்வது அவன் வலச்செவியில் விழும்.

"இங்க யாரும் யாரையும் சுடல, ஹவில்தார். ஆனா எல்லாரும் பதுங்கியே நடக்கிறாங்க. கவனிச்சீங்களா?" என்றான் ஒருநாள்.

"கவனிச்சேன். நீயும் பதுங்கப் பழகு."

"உங்க பின்னாடிதான பதுங்கிப் பழக்கம்."

நிரந்தர ஆணை வரவிருந்த வாரம். சரிவுப் பாதையின் உச்சியில், கண்ணாடிக் குப்பிப் பெட்டிகள் ஏற்றிய கைவண்டியைப் பட்டாளத்தார் நிறுத்தினார். சக்கரத்துக்குத் தடைக்கட்டை வைக்கக் குனிகையில் கைபேசி ஒலித்தது. மனைவி.

"வீட்டுக்காரர் இன்னைக்கே பதில் கேக்கிறார். வேற ஆள் பாத்துட்டுப் போயிருக்காங்களாம். மஞ்சள் கதவு, உள்தாழ்ப்பாள் புதுசு. நானே போட்டுப் பாத்தேன். சரின்னு சொல்லவா?"

சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவர் கட்டையைக் கையிலேயே ஏந்தியபடி வாயிலுக்கு வெளியே போய், "சொல்லு, சரின்னு சொல்லு" என்றார்.

பின்னால் கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்டது. வண்டி தானே உருண்டு, சரிவின் அடியில் அடுக்கியிருந்த மருந்துப் பெட்டிகளின்மேல் ஏறியிருந்தது. அதனருகே, இடப்பக்கத்தைச் சரிவுக்குக் காட்டியபடி, வயர்மேன் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டிருந்தான். "ஏய், வண்டி! வண்டி!" என்று மேலிருந்து பலர் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கவில்லை. காலில் ஈரம் பட்ட பிறகே திரும்பினான்.

பட்டாளத்தார் கையிலிருந்த கட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஓசையின்றிப் போட்டார்.

மீண்டும் வரிசை. மேலாளருக்கு வேர்த்திருந்தது. அவருக்குப் பின்னால், இப்போது தோளுக்குப் பொருந்திய சட்டையில், மைத்துனன் நின்றான். வயர்மேனின் இடப்பக்கத்தில் பட்டாளத்தாருக்கு இடம் வாய்த்தது.

"யாரு பண்ணினது? உண்மைய மறைச்சா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன். பட்டாளம், வண்டி உங்க கையிலதானே இருந்துச்சு?"

வலக்கால் விழித்துக்கொண்டது. தொடையின் தசை இறுகியது. அவர் மனத்துக்குள் மஞ்சள் கதவு ஒன்று திறந்தது. பிறகு மெல்ல மூடத் தொடங்கியது.

"நான் அப்போ அங்க இல்ல, சார்" என்றார். தலை குனியவில்லை. குரலில் சற்றே சினமும் இருந்தது. "போன் வந்துச்சு, வெளியில இருந்தேன். பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு பாருங்க."

சொற்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

அவர் பேசியது வயர்மேனின் செவியில் விழவில்லை. மேலாளரின் பார்வை தன்மேல் திரும்பியதை மட்டும் கண்டான். வரிசையில் எவரும் அசையாமலிருப்பதையும் கண்டான். அணி அவமானப்பட்டு நிற்பதை அவனால் காணச் சகிக்கவில்லை. ஓரடி முன்னே வைத்தான். கண்கள் நேரே, கைகள் தொடையோடு.

"என் பொறுப்பு, சார்."

பிறகு காத்திருந்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்பதை அறிந்தவர் அந்த வரிசையில் ஒரே ஒருவர்.

அந்த ஒருவர் நின்ற இடத்திலேயே நின்றார். நன்றாகப் பழகியிருந்தார்.

"செவிட்டுப் பயல வேலைக்கு எடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" மேலாளர் காவலாளியை அழைத்தார். காவலாளி தோளைப் பற்றித் தள்ளிக்கொண்டு போகும்வரை வயர்மேன் கழுத்தைத் திருப்பவில்லை. அணியில் நிற்கையில் கழுத்தைத் திருப்பக்கூடாது.

மைத்துனன் அருகில் வந்து, முதன்முறையாக மரியாதையோடு பார்த்தான். "பரவாயில்லையே மாமா. தேறிட்டீங்க."

ஆணை வந்தது. மஞ்சள் கதவு வீட்டுக்குக் குடிபோனார்கள். முதல்நாள் மனைவி உள்ளிருந்து தாழிட்டுத் திறந்து, மறுபடியும் தாழிட்டு, கதவில் சாய்ந்து நின்று அழுதாள். ஆலோசகர் தொலைபேசியில் கூவினாள்: "சார், எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! புது பேட்ச் வந்திருக்கு. நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும். உங்களப் பாத்தாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை வரும்."

வருவதாகச் சொன்னார்.

கிடங்கின் சீருடையைத் திருப்பிக் கொடுக்க வயர்மேன் வந்தபோது, பட்டாளத்தார் குளிரறை வாயிலில் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவன் வழக்கம்போல் அவருக்கு இடப்புறம் சுற்றி வந்து நின்றான். சட்டை துவைத்துத் தேய்த்து மடிக்கப்பட்டிருந்தது.

"மையத்துல என் பேர எடுத்துட்டாங்க, ஹவில்தார். கம்பெனி புகார் கொடுத்தா அப்புறம் எங்கயும் அனுப்ப மாட்டாங்களாம். பரவாயில்ல, பாத்துக்கலாம்." சற்று நேரம் சட்டையின் மடிப்பைத் தடவினான். "ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னைக்கு நான் கால வச்சதும் உங்க காலடிச் சத்தம் கேக்கும்னு பாத்தேன். கேக்கல. நீங்க இந்தச் செத்த காது பக்கம் நின்னீங்க, அதான். அந்தக் காவலாளி வேற இழுத்துட்டுப் போயிட்டான்." தலையைச் சாய்த்து, கேட்கும் செவியை அவர் வாயருகே கொண்டுவந்தான். "வந்தீங்களா?"

பட்டாளத்தார் அவன் செவியைப் பார்த்தார்.

"வந்தேன்" என்றார்.

வயர்மேனின் முகம் மலர்ந்தது. பல நாள் பட்டினி கிடந்தவன் முன் இலை விரித்ததுபோல் மலர்ந்தது.

"அதான பாத்தேன்! வீட்டுக்காரி ஒத்துக்கவே மாட்டேங்கிறா, ஹவில்தார். 'அந்த ஆளு வந்திருக்க மாட்டாரு'ன்னு ஒரே சண்டை. நான் சொன்னேன், உனக்கு அவரத் தெரியாதுடின்னு. இப்பப் போய்ச் சொல்றேன்."

நிமிர்ந்து நின்று வணக்கம் வைத்தான். சீருடையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, தோள் தாழாமல், முற்றத்தைக் கடந்து வெளியேறினான்.

பட்டாளத்தார் குளிரறைக்குள் சென்றார். கதவை இழுத்துச் சாத்தி, தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை அசைத்துப் பார்த்தார்.