கழுத்துக்கு ஏற்ற பிளேடு

சாலை போடும் இலாகாவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். இருபத்தாறு வருடம், சாலை மண்ணைச் சீவிச் சமன் செய்யும் கிரேடர் வண்டி ஓட்டினார். அவர் சமன் செய்த மண்சாலையை அளக்க வந்த இன்ஜினியர்கள், பார்த்த மாத்திரத்தில் அளவுக் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்களாம். இது அவரே சொன்னது. பாதியாவது உண்மையாக இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு அவருடைய ராஜ்ஜியம் சுருங்கிவிட்டது. பெரிய சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை முந்நூறு மீட்டர் சரளைப் பாதை, வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஓடை வரை போகும் ஒரு நடைபாதை, இவ்வளவுதான். இரண்டையும் ஒரு சின்ன டிராக்டரின் பின்னால் தரையைச் சீவும் இரும்பு பிளேடு மாட்டி ஒழுங்காக வைத்திருந்தார். சென்ற மழைக்காலத்தில் பிளேடு மடிப்பில் விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்துகொண்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். இதில் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்திருக்காது, கழுத்து மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால்.

ஐந்து மாதம் முன்பு அவர் கழுத்தெலும்புகளைத் தகடு வைத்து, திருகாணி போட்டு இணைத்திருந்தார்கள். கையில் இறங்கிக்கொண்டிருந்த வலி போய்விட்டது. கூடவே கழுத்தின் திருப்பமும் போய்விட்டது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால், அலமாரியை நகர்த்துவது போல முழு உடம்பையும் திருப்பியாக வேண்டும்.

"வலி இனிமே இருக்காது. ஆனா கழுத்து இவ்வளவுதான் திரும்பும், பழகிக்கோங்க" என்று டாக்டர் பளிச்சென்று சொல்லிவிட்டார். மனைவி அப்போது மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். அவளிடம் வந்து, "ஆறு மாசத்துல பழையபடி ஆயிடுமாம்" என்றார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. சொன்னதை மாற்ற மனம் வராமல் அதையே பிடித்துக்கொண்டார்.

யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் காதில் விழாதது போல நடந்துவிடுவார். "ரிட்டயர் ஆனதும் மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கழுத்து வரவில்லை என்று சொல்வதைவிட அந்தப் பேர் அவருக்கு எவ்வளவோ மேலாகப் பட்டது.

ஒரு நாள் காலை பாதையில் நின்று குழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து மச்சான் குரல் கேட்டது. மனைவியின் தம்பி, பஸ் டிப்போவில் சூப்பர்வைசர். நூறு பஸ்களை நேரத்துக்கு அனுப்புகிற ஆள், அதனால் வீட்டு விஷயங்களையும் நேரத்துக்கு முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்.

"மாமா, நேத்து என் கார் அடி தட்டிடுச்சு. இந்தப் பாதையை இனிமே கான்ட்ராக்டுக்கு விட்டுடலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை மிஷின் வந்து செஞ்சுட்டுப் போயிடும். டிராக்டரை வாங்கிக்க ஒரு ஆளும் ரெடியா இருக்கார்."

அவர் திரும்பவில்லை.

"மாமா, உங்ககிட்டதான் பேசுறேன்."

அதற்குள் மனைவி டீயோடு வந்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு போய், ஈரக் குழியில் ஒரு கால் வைத்து, முன்னால் நின்று டம்ளரை நீட்டினாள். "சனிக்கிழமை பிளேடு விக்கிற கடைக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம். புதுசு மாட்டி உங்களால ஓட்ட முடிஞ்சா ஓட்டுங்க. முடியலன்னா தம்பி சொல்றபடி செய்யலாம்" என்றாள்.

"முடியாம என்ன? நான் ஓட்டாத வண்டியா?" என்றார். டிராக்டரும் போய்விட்டால் விடிந்து எழுந்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை மூவரும் போனார்கள். கடை என்றால் தகரக் கொட்டகையும் அதன் பின்னால் ஒரு பெரிய வெளியும்தான். கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ், காதில் பென்சில். அவள் எதையும் விற்க முயற்சி செய்யவில்லை. கேள்விதான் கேட்டாள். பாதை எவ்வளவு நீளம், சரிவு உண்டா, டிராக்டர் எவ்வளவு எடை தூக்கும், டயர் தடம் எவ்வளவு அகலம்.

"புதுசா மண்ணு அள்ளிப் போட்டுப் பாதை போடணுமா, இல்ல இருக்கிறதை ஒழுங்கா வச்சுக்கணுமா?"

"வச்சுக்கணும்."

"யார் ஓட்டுவாங்க?"

"நான்தான். இருபத்தாறு வருஷம் கிரேடர் ஓட்டியிருக்கேன்" என்றார் அவர், தேவைக்கு மேல் சத்தமாக.

வெளியில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று பாக்ஸ் பிளேடு. மூன்று பக்கம் அடைத்த இரும்புப் பெட்டி, முன்னால் தரையைக் கீறும் பற்கள். இன்னொன்று லேண்ட் பிளேன். இரண்டு நீளமான சறுக்குச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே சாய்வாக இரண்டு பிளேடுகள், தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளச் சில பற்கள். பார்த்தால் அகலமான ஏணி ஒன்றைத் தரையில் போட்ட மாதிரி இருந்தது.

"உங்க வேலைக்கு இதுதான் சரின்னு எனக்குப் படுது" என்று லேண்ட் பிளேனைக் காட்டினாள்.

அவர் மூக்கைச் சுளித்தார். "இது ஓட்டத் தெரியாதவனுக்குச் செஞ்சதும்மா. பாக்ஸ் பிளேடை மாட்டு."

கடைக்குப் பின்னால் குண்டும் குழியுமாக வைத்திருந்த நாற்பது மீட்டர் சரளைத் தடம் ஒன்று இருந்தது. வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக அவளே அதை அப்படிக் கெடுத்து வைத்திருந்தாள். அவர் கடை டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார், பிளேடை இறக்கினார், கிளப்பினார்.

பாக்ஸ் பிளேடு ஓட்ட ஒரு கண் முன்னாலும் ஒரு கண் பின்னாலும் இருக்க வேண்டும். பெட்டியில் கல் எவ்வளவு சேர்கிறது, எங்கே வழிகிறது என்று பார்த்துப் பார்த்து பிளேடைத் தூக்கும் லீவரை அரை விரல் ஏற்றி இறக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்து வரவில்லை. இடுப்போடு சேர்த்துத் திரும்பினார். கை ஸ்டீயரிங்கை இழுத்தது, வண்டி ஒரு பக்கம் ஒதுங்கியது. அதைச் சரி செய்வதற்குள் பிளேடு தரையைத் தோண்டிவிட்டது. தூக்கினார், கல் குவியலாக விழுந்தது. கடைசியில் நிறுத்தியபோது தடம் கூரைத் தகடு போல வரிவரியாகக் கிடந்தது.

"லீவர் லூஸா இருக்கு" என்று சப்பைக்கட்டு கட்டினார்.

"இதுல சைக்கிள் விட்டா பல்லு கொட்டிடும் மாமா" என்றார் மச்சான். சிரிக்க வைக்கத்தான் சொன்னார், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. "போதும் மாமா. டிராக்டர் கேட்ட ஆளுக்கு நான் போன் பண்ணிடறேன்" என்றார். குரலில் கேலி இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

மனைவி பின்சக்கரத்தின் அருகே நின்றிருந்தாள். அங்கிருந்தே பேசியிருக்கலாம். அவளோ கிளறிய சரளையில் கால் புதையப் புதைய நடந்து, வண்டியைச் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"அந்த இன்னொண்ணையும் ஓட்டிப் பாருங்க."

"அது ஓட்டத் தெரியாதவங்களுக்கு."

"தெரிஞ்சவங்க ஓட்டக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கா?"

அவர் கண் அவள் செருப்புக்குப் போனது. அதில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்ததும் குழியில் கால் வைத்து டீ கொடுத்தது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பு மாத்திரை கொடுத்தது, டிவி பார்க்கும்போது சாப்பிடக் கூப்பிட்டது. ஐந்து மாதமாக இவள் ஒரு தடவைகூடப் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றுதான் பேசியிருக்கிறாள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றார் மெதுவாக.

"அன்னைக்கே. மருந்து வாங்கிட்டு நானும் டாக்டரைப் போய்ப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஐந்து மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஏதோ ஒன்றை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. முழு உடம்பையும் திருப்பிக் கடைக்காரம்மாவைப் பார்த்தார். மச்சானுக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"எனக்குக் கழுத்து திரும்பாதும்மா. இனிமேயும் திரும்பாது. அந்த லேண்ட் பிளேனை நான் ஓட்ட முடியுமா?"

கடைக்காரம்மா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள், திரும்பவும் செருகினாள். "இதுக்குத் திரும்பவே வேணாங்கய்யா. இறக்கி விட்டுட்டா இதோட பாரம் சறுக்குச் சட்டத்துமேல நிக்கும். டிராக்டர் ஏறி இறங்கினாலும் பிளேடு ஏறி இறங்காது. மேட்டைச் சீவும், கல்லைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல போடும். நீங்க முன்னாடி பாத்து மெதுவா போனா போதும். ஆழமான குழிக்கு மட்டும் முதல்ல கீறுற பல்லை இறக்கிக்கங்க."

மச்சான் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, லேண்ட் பிளேனை மாட்டக் கை கொடுத்தார்.

முதல் சுற்றில் அவர் கை பழக்கத்தில் லீவருக்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது சுற்றில் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். மூன்றாவது சுற்று முடிந்து வண்டியைத் திருப்பியபோதுதான் தன் வேலையை நேருக்கு நேர் பார்த்தார். வரிகள் போயிருந்தன. அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"தட்டையா இருக்கே" என்றார். "தண்ணி எங்க போகும்? நடு உயர்ந்து ரெண்டு பக்கமும் சரியணும். வலது பக்கத்துல இதைத் தூக்கிப் பிடிக்கிற கம்பியை ரெண்டு சுத்து நீட்டி விடும்மா. அப்ப அந்த ஓரம் தாழும். போகும்போது ஒரு பாதியைச் சீவுறேன், வரும்போது மறு பாதியை."

நீட்டி விட்டாள். ஓட்டினார். கடைக்காரம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தடத்தின் நடுவில் கொட்டினாள். அது இரண்டாகப் பிரிந்து ஓரங்களுக்கு வடிந்தது.

"இந்தத் தடம் இவ்வளவு ஒழுங்கா இருந்து நான் பார்த்ததில்லை" என்றாள். "மறுபடியும் கெடுக்கணும்னா எனக்கு ஒரு நாள் ஆகும்."

லேண்ட் பிளேனை வாங்கி வந்த அடுத்த வாரம் மழை பெய்தது. மறுநாள் சரளை ஈரமும் இறுக்கமுமாக, சீவுவதற்கு ஏற்ற பதத்தில் இருந்தது. அவர் பெரிய சாலையிலிருந்து ஆரம்பித்தார். மனைவி பின்னால் நடந்து வந்தாள். வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, நேராகப் பார்த்தபடியே, "பின்னாடி எப்படி இருக்கு?" என்று கேட்டார். தன் வேலையைப் பற்றி அவர் இன்னொருவரிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவள் நின்ற இடத்திலிருந்தே சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கும். ஆனால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நல்லா இருக்கு. வளைவுகிட்ட மட்டும் கொஞ்சம் கல்லு ஒதுங்கியிருக்கு. இன்னொரு தடவை போயிட்டு வாங்க."

அவர் வண்டியைக் கிளப்பினார்.