முன்னால் வந்த நடவு

விவசாயக் கூலிகள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்த வருஷம் அது. மாயவரத்துக்குக் கிழக்கே அந்த ஊரில் ஆளுக்கொரு மனு எழுதி, கட்டைவிரல் மையோடு திரிந்தார்கள். அகிலாண்டமும் எழுதிப் போட்டாள். வாய்க்கால் ஓரத்தில் எட்டடிக்குப் பத்தடி கீற்றுக்குடிசை. அறுபத்திரண்டு வயதில் அதுவும் போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. உறவென்று சொல்ல ஈ காக்காய் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அவள் கூலிக்காரி இல்லை. ஒரு காலத்தில் மிஸ் அகிலாண்டம்.

பத்து வயதில் அவளை நாடகக் கம்பெனியில் கொண்டுபோய் விட்டார்கள். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்காரன் காதில் விழ வேண்டுமென்று கத்திக் கத்திப் பாடி, பத்தொன்பது வயதில் பட்டுக்கோட்டைக் கொட்டகையில் தொண்டை போயிற்று. பிறகு பேசினாலே தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கும். மறுநாளே கம்பெனி முதலாளி அவள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தான். மகராசன், ஒரு வாய் காப்பி கூடக் கொடுக்கவில்லை. பட்டணத்தில் அப்போது ஊமைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முகம் போதும். மூன்று வருஷத்தில் நான்கு படம் நடித்தாள். அப்புறம் படம் பேச ஆரம்பித்துவிட்டது, இவளைக் கூப்பிட ஆள் இல்லை.

இந்த ஊர் மிராசுதார் அவளை அழைத்துவந்து ஓட்டு வீட்டில் வைத்திருந்தார், ஒருநாள் செத்தும் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகன் சாரங்கபாணி அந்த வீட்டைப் பூட்டினார். ஏதோ அப்பா முகத்துக்காக வாய்க்கால் ஓரத்தில் குடிசை போட விட்டார். இருபது வருஷம் கழித்து இப்போது அந்த இடமும் வேண்டுமாம், தென்னை வைக்கப்போகிறாராம். அவரிடம் இல்லாத தென்னையா?

அகிலாண்டத்திடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சிரிப்பு. அவள் சிரிப்பு இல்லை, ஜனங்களின் சிரிப்பு. நாலாவது படத்தில் அவள் குடியானவன் மகள். வயலில் நாற்று நடுகிற காட்சி ஒன்று உண்டு. மாயவரம் டெண்டுக் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது முக்காடு போட்டுக்கொண்டு மணல் தரையில் போய் உட்கார்ந்தாள். நடவுக் காட்சி வந்ததும் சுற்றியிருந்த வயல் ஜனம் அப்படியே பொங்கிச் சிரித்தது, கைதட்டிச் சிரித்தது. நம்மைப் பார்த்து இத்தனை பேருக்குச் சந்தோஷமா என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வருஷமாகப் பட்டினி கிடந்த நாளிலெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் எழுந்து உட்கார்ந்தாள்.

விசாரணைக்கு முதல் நாள் பக்கத்துக் குடிசை அம்சம் வந்தாள். அவள் நடவுக்காரி, கூலிச் சங்கத்திலும் இருக்கிறவள்.

"நாடகக்காரம்மா, நாளைக்கி எங்ககூட நடவுக்கு வர்றதா சொல்லிடுங்க. நாங்களும் ஆமாம்போம்."

"பொய்யில்ல அது?"

"இருவது வருசமா நீங்க இங்க கெடக்குறது பொய்யா?" அம்சம் சேறு பட்டுப் பழுத்த தன் சேலையை நீட்டினாள். "இதக் கட்டிக்கிங்க. ஒருக்கா வயல்ல எறங்கிக் காட்டிக்குடுக்கவா?"

"எனக்கா?" அகிலாண்டத்துக்குச் சுருக்கென்றது. "படத்துலயே நட்டவ நான். ஜனம் கைதட்டினது தெரியுமா உனக்கு?"

"அப்ப சரிங்க," என்று அம்சம் போய்விட்டாள். பாவம், அவள் எந்தப் படத்தைக் கண்டாள்.

புரட்டாசி மாதம், சம்பா நடவு மும்முரம். மனுவை விசாரிக்க வந்த அதிகாரி அமிர்தலிங்கம் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் சாரங்கபாணி. நடவுப் பெண்கள் பத்துப் பேர் வயலில் நின்றார்கள்.

"என்ன தொழில்மா?"

"நடவுங்க," என்றாள் அகிலாண்டம்.

"எங்ககூடத்தாங்க வர்றாங்க," என்றாள் அம்சம்.

"சார், இந்தம்மா நாத்து முடியத் தொட்டதே கெடையாது," என்றார் சாரங்கபாணி. "நட்டுக் காட்டச் சொல்லுங்க. நட்டுட்டா மனைய நானே எழுதித் தர்றேன்."

அமிர்தலிங்கம் சங்கடத்தோடு பார்த்தார். "வயசானவங்க. நாலு குத்து நட்டாப் போதும்மா."

அகிலாண்டம் வயலில் இறங்கினாள். திரும்பிப் பார்த்தாள். எதிரே ஒரு நாற்காலி, அதில் ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒருவர் உட்கார்ந்து பார்த்து. முதுகு தானாக நிமிர்ந்தது. பத்தடி உள்ளே போய் நாற்காலியைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நாற்றை வாங்கினாள், குனிந்தாள், ஊன்றினாள். விரல் அழகாகத்தான் விழுந்தது. புறங்கையால் நெற்றியைத் துடைத்து, மெல்லச் சிரித்து, ஓரடி முன்னால் வைத்தாள். 'பெட்டியப் பாத்து வாம்மா, முகம் பெரிசாகணும்' என்று கேமராக்காரன் அன்று சொல்லித்தந்த அதே அடி. அடுத்த குத்து. அடுத்த அடி.

நடவு நடுகிறவர்கள் பின்னால்தான் போவார்கள். நட்டது கண்ணெதிரே இருக்கும், கால் பின்னால் நகரும். அந்த ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும் அது. அகிலாண்டமும் இருபது வருஷமாக வாசலிலிருந்து பார்த்தவள்தான். ஆனால் நாற்காலியைக் கண்டதும் காலுக்கு எல்லாம் மறந்துவிட்டது. நட்டதையெல்லாம் தானே மிதித்துக்கொண்டு வந்தாள்.

முதலில் கடைசியில் நின்றவள் களுக்கென்றாள். பிறகு பத்துப் பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். வஞ்சகம் ஒன்றும் இல்லை, அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். அம்சமும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள்.

அகிலாண்டம் நின்றாள். இந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். மாயவரத்தில் கேட்டாளே, அதே பொங்குதல், அதே கைதட்டு. திரும்பிப் பார்த்தாள். நாலு குத்தும் சேற்றில் நசுங்கிக் கிடந்தன. அன்றைக்கும் இதற்குத்தான் சிரித்தார்களா?

"போதும்மா, ஏறி வாங்க," என்று அமிர்தலிங்கம் மனுக் கட்டை மூடினார். சாரங்கபாணி சிரிக்கக்கூட இல்லை.

பத்தாம் நாள் கீற்றைப் பிரிக்க ஆட்கள் வந்தபோது, அகிலாண்டம் பெட்டியைத் தானே எடுத்து வாசலில் வைத்திருந்தாள். அம்சம் அழுதுகொண்டே வந்தாள்.

"அன்னிக்கி சிரிச்சிட்டேங்க. என்னாலதான் எல்லாம்."

"விடு. நீ என்ன பண்ணுவ."

"எங்கங்க போவீங்க?"

"வேளாங்கண்ணில கோயில் வாசல்ல உக்காந்தா யாராச்சும் சோறு போடுவாங்களாம்."

அம்சம் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை கூட நடந்தாள். "அங்க யாரும் கேட்டா, சினிமாவுல நடிச்சவங்கன்னு சொல்லுங்கம்மா. ஒரு கரண்டி கூடப் போடுவாங்க."

"சொல்லமாட்டேன்," என்றாள் அகிலாண்டம். "நான் நடிச்சதே இல்ல, அம்சம்."